செல்விக்குக் குரல் கேட்கும் இடம்

மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் அறை வாசலில் என் மகள் செல்வி நின்றுவிட்டாள். உள்ளே பெரிய காந்தம் இருப்பதால் உலோகம் எதுவும் ஆகாது. இடுப்பிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

செமோர் பக்கம் நாங்கள் கித்தா மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) தோட்டத்தில் பூசாரி கட்டிய தாயத்து அது. அவரும் எங்களோடு மரம் வெட்டியவர்தான். மழை நாளில் மட்டுமே மந்திரிப்பார். மற்ற நாளில் பால் எடுக்கப் போக வேண்டுமே.

செல்விக்கு மனச்சிதைவு நோய் (இல்லாத குரல் கேட்கும், சந்தேகம் வளரும்). மாத்திரையில் குரல் குறைந்தது, நிற்கவில்லை. “யாரும் பேசல” என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, அவள் எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தான் பொய் சொல்லவில்லை என்று ஒருவராவது பார்க்கட்டும் என்றுதான் குரல் கேட்பவர்களின் மூளையைப் படம் எடுக்கும் இந்த ஆராய்ச்சிக்குச் சம்மதித்தாள்.

“கழட்டுனா குரல் கூடிருமேப்பா. திருப்பிக் கட்ட பூசாரியும் இல்ல.”

“எனக்குக் கட்டு. நீ வர்ற வரைக்கும் நான் போட்டுருக்கேன்லா.”

“உங்க இடுப்புக்கு இந்தக் கயிறு பத்தாதுப்பா.”

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். “கையில கட்டுங்க அங்கிள். கை ஒல்லியாத்தானே இருக்கு.”

செல்வியே என் மணிக்கட்டில் கட்டிவிட்டு உள்ளே போனாள். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்த ஓட்டம் கூடுமாம். அதைக் காட்டும் படம். காதைப் பிளக்கும் சத்தத்தில் ஆடாமல் படுத்திருக்க வேண்டும். குரல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். என்ன துணிச்சல் என் பிள்ளைக்கு!

சில வாரம் கழித்து டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

“இத மட்டும் வச்சி நோயக் கண்டுபிடிக்க முடியாது அங்கிள். நெறையப் பேரு படத்தச் சேத்துப் பாத்துத்தான் நாங்களே கத்துக்கிறோம். ஆனா செல்வி பொத்தான அழுத்துன நேரத்தப் பாருங்க. பேச்சு கேக்கும்போது வேலை செய்ற எடம் வேலை செஞ்சிருக்கு.”

“அப்ப யாரோ பேசுறாங்களா?”

“யாரும் பேசல. ஆனா செல்விக்கு நெசமாவே கேக்குது.”

“இத்தன வருசமா இதத்தானேப்பா சொல்றேன்,” என்றாள் செல்வி.

மண்டை ஓட்டைத் திறக்காமலே என் மகளின் பக்கம் சாட்சி சொன்னது அந்த இயந்திரம். அதைச் செய்தவர்களைக் கும்பிடத் தோன்றியது.

மாத்திரை தொடர்கிறது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று ஓடி ஓடி, அவசரம் என் உடம்பிலேயே ஊறியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அது தணிந்துவிட்டது.

நான் சொல்லச் சொல்ல, இதை எழுதுவது செல்விதான். நடுவில் பேனா நின்றது. தலையைச் சாய்த்து எதற்கோ காதுகொடுத்தாள். நானும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தேன்.

“ம், இப்ப சொல்லுங்கப்பா,” என்றாள்.