நண்டு வளையும் பிரவுசரும்

நேற்று நம் பழைய கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதோ விளம்பரம்தான் வந்தது. மூடினேன், மறுபடி வந்தது. “உளவு பாக்குற புரோகிராம் உள்ள பூந்திருக்குப்பா. நாம டைப் பண்றதெல்லாம் வெளிய போவுது,” என்றாள் பெரியவள்.

பிள்ளைகளே, எனக்கு எங்கள் நன்னிலத்து வயல் ஞாபகம் வந்துவிட்டது. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம் அது. பாய்ச்சிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்துவிடும். வரப்பில் நண்டு வளை போட்டிருந்தது. ஒழுகுகிற வெளிப்பக்கத்திலேயே என் அப்பா சேற்றை அப்பிக்கொண்டிருந்தார்.

“வெளிய அடைச்சா நிக்காதுண்ணே. தண்ணிக்குள்ள வளையோட வாய் இருக்கும், அத மிதிச்சு அடைங்க,” என்றார் பக்கத்து வயல்காரர்.

“என் தண்ணி ஒன் வயலுக்குத்தானே வருது. நீ எனக்கு வழி சொல்றியா?” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த முறைத் தண்ணீர் வரவேயில்லை. வெடித்த வயலில் என் அம்மா மாட்டை அவிழ்த்துவிட்டார். கருகிய பயிரை அது மேய்ந்தது.

நேற்று நானும் வெகுநேரம் பக்கத்தை மூடிக்கொண்டேதான் இருந்தேன். பிறகுதான் உள்ளே இருந்த புரோகிராமைத் தேடி எடுத்துவிட்டு, பிரவுசரைப் புதிதாகப் போட்டேன். விளம்பரம் நின்றது. உங்கள் அம்மாவின் மெயிலைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. யாரோ முந்திக்கொண்டு மாற்றியிருந்தார்கள்.