மாடி ஏறி வந்த பரங்கிக்காய்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கேக் வெந்ததற்குக் காரணம், ஒரு பரங்கிக்காய் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு செக்‌ஷன் ஆபீசர்களால் முடிவு செய்ய முடியாமல் போனதுதான். இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. அவர்களுக்குக் கேக் என்பது அட்டைப்பெட்டியில் வீடு தேடி வருவது. போகட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், முதல் மாடியில் குடியிருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அம்மாவுக்கு வேறொரு அரசாங்கப் பவனில் கிளார்க் வேலை. எனக்கு ஒன்பது வயது. எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் பீகாரிலிருந்து வந்த ஓர் அங்கிளும் ஆன்ட்டியும் இருந்தார்கள். அந்த அங்கிளும் செக்‌ஷன் ஆபீசர்தான். ஆன்ட்டி வேலைக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட பஸ் என்னை இறக்கிவிட்டால், அம்மா ஆறேகாலுக்கு வரும்வரை என் குடித்தனம் ஆன்ட்டி வீட்டில். சாப்பாடு, தூக்கம், ஹோம்வொர்க், டி.வி. எல்லாம் அங்கேயே. எனக்கென்று ஒரு ஸ்டீல் தட்டுகூட அங்கே உண்டு. அந்த வீட்டில் வேறு குழந்தை கிடையாது. தட்டில் விழுவதற்குப் போட்டியில்லை என்கிற லாபக் கணக்கோடு நான் அந்த விஷயத்தை முடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ராஜவாழ்க்கையில் மே மாதம் மண் விழுந்தது. கீழ்வீட்டில் தண்ணீர் இழுக்க மோட்டார் போட்டார்கள். அது ஓடும்போது எங்கள் குழாயில் காற்றுதான் வரும். மற்றவர்கள் என்றால் மாடிப்படியில் நின்று நாலு வார்த்தை கத்தியிருப்பார்கள், அரைமணியில் சமாதானமாகியிருக்கும். இவர்கள் இரண்டு பேரும் ஃபைல் பார்த்தே வளர்ந்தவர்கள். அப்பா மூன்று பாராவில் ஒரு கடிதம் டைப் அடித்து, புகார் வாங்கும் காலனி என்கொயரி ஆபீசுக்கு ஒரு நகலும் வைத்தார். அங்கிள் நாலு பாராவில் பதில் போட்டார். அதன்பின் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை என்று அப்பா அறிவித்தார். ஒரு கறுப்புக் கயிற்றில் வீட்டுச் சாவியைக் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள் அம்மா.

அந்தச் சாவியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது. இரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்து, ஆறிப்போன தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, தரையில் படுத்துக் காதை மொசைக்கில் வைத்துக்கொள்வேன். கீழ்வீட்டு டி.வி. லேசாகக் கேட்கும். ஆன்ட்டி பார்க்கும் சீரியலை நான் ஐந்து மாதம் அப்படித்தான் பின்தொடர்ந்தேன். யார் யாரோடு சண்டை என்பது புரியும், முகம் மட்டும் தெரியாது. சில நாள் அழுகை வரும். எனக்குத் திரும்பவும் கீழே போக வேண்டும். அந்த வருஷம் சாமியிடம் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாசலில் கொஞ்சம் மண் உண்டு. ஆன்ட்டி அதில் பரங்கி விதை போட்டிருந்தாள். மழை பிடித்ததும் கொடி சணல் கயிறு ஒன்றைப் பற்றிக்கொண்டு சரசரவென்று ஏறி, எங்கள் பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் மஞ்சள் பூ. அப்புறம் ஒரு பிஞ்சு. அடேயப்பா, அந்தப் பிஞ்சு வளர்ந்த வேகம்! வேர் அவர்கள் மண்ணில், காய் எங்கள் கம்பியில். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

“இது டிஸ்ப்யூட்டட் ப்ராப்பர்ட்டி. முடிவு தெரியறவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

முடிவு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதெல்லாம் தெரியாது. காய் அதற்காகக் காத்திருக்கவில்லை. அக்டோபரில், ஸ்வெட்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்துருண்டை வாசனை போக வெயிலில் போடும் நாட்களில், அது நிறம் மாறிக் குடம் மாதிரி தொங்கியது. நேர் கீழே அங்கிளின் ஸ்கூட்டர். அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதற்கு ஒரு தூளி கட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

“தூளி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? விழுந்தா அவர் ஸ்கூட்டர் மேலதான் விழும். அப்புறம் அதுக்கு அஞ்சு பாராவுல ஒரு லெட்டர் வரும், பரவாயில்லையா?”

அப்பா யோசித்தார். பறிக்கலாம், ஆனால் பாதி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அதை நாம் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது என்றார்.

“சமைச்சுடறேன். சமைச்ச பண்டத்துக்கு வேர் ஏது, கொடி ஏது?” என்றாள் அம்மா.

பறித்த கையோடு கொடியையும் இறக்கினாள். கம்பியில் இருந்த சணல் கயிற்றின் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பூச்சரம் கட்டி முடிக்கும்போது அவள் போடுகிற சுருக்கு முடிச்சு அது. கயிற்றைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டாள். அம்மா எதையும் வீணாக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் அம்மா அலமாரி மேலிருந்த, கேக் சுடும் வட்ட எலெக்ட்ரிக் அவனை இறக்கிக்கொண்டிருந்தாள். அலுமினிய அவன், மூடியில் கண்ணாடி ஜன்னல் வைத்தது. மாமா கல்யாணத்துக்குப் போய் வந்தபோது யாரோ கொடுத்தது. அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் எல்லாக் கேக்குக்கும் முட்டை சொல்லியிருந்ததால், இரண்டு வருஷமாக அதில் முறுக்கு போட்டு வைத்திருந்தோம். முட்டைக்குப் பதில் பரங்கிக்காய் மசியல், மைதாவுக்குப் பதில் ரவை, சர்க்கரைக்குப் பதில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய வெல்லம் என்று அம்மா திட்டம் போட்டாள். புத்தகத்தில் மிச்சமிருந்தது அவன் சுவிட்சைப் போடும் விதம் மட்டும்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காயைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். எப்பேர்ப்பட்ட காயையும் அரிவாள்மணையில் இரண்டு நிமிஷத்தில் துண்டு போடுகிறவள், அன்று அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ரொட்டி வெட்டும் கத்தியை அப்பாவிடம் நீட்டினாள்.

“முழுப் பரங்கிக்காயைப் பொம்பளைங்க வெட்டக்கூடாதாம். அவங்க ஊர்ப் பழக்கம். அவங்க வேர்ல காய்ச்சது, அவங்க பழக்கப்படிதான் செய்யணும். நீங்க ஒரு போடு போட்டுக் குடுங்க.”

அது உண்மைதான். எனக்கே தெரியும். அவர்கள் பக்கத்தில் முழுக் கத்தூ, அதாவது பரங்கிக்காய், வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி, பெண்கள் அதன் மேல் முதல் கத்தி வைக்கக்கூடாது. அங்கிள் ஆபீசிலிருந்து வந்து முதல் வெட்டு வெட்டும்வரை ஆன்ட்டி காயை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஆனால் எங்கள் அம்மாவுக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா ஆபீசில் பென்சில் சீவியதோடு சரி. இருந்தாலும் ஆம்பிளை என்று சொல்லிக் கொடுத்தபின் பின்வாங்க முடியுமா? முழங்கையை மடித்து ஓங்கி ஒரு போடு போட்டார். கத்தி பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. தூக்கினார், கத்தியோடு காயும் சேர்ந்து எழும்பியது. காலால் மிதித்துக்கொண்டு இழுக்கப் பார்த்தார், தின்கிற பண்டம் என்று ஞாபகம் வந்து காலை எடுத்துவிட்டு, அம்மா பார்த்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். என்னைப் பிடிக்கச் சொன்னார். என் கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

“அங்கிளைக் கூப்பிடட்டாப்பா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாம்!”

அம்மா எழுந்து போனாள். காற்று வரட்டும் என்று வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தாள்.

நான் ஓடினேன். ஐந்து மாதமாகத் தொடாத அந்த அழைப்புமணியை விடாமல் அழுத்தினேன். அங்கிள் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் எனக்கு வந்த ஹிந்தி மூன்றே வார்த்தைதான். “அங்கிள்... அப்பா... சாக்கூ!”

அப்பா, கத்தி என்றால் எவரும் என்ன நினைப்பார்கள்? அங்கிள் ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் டெட்டால் பாட்டிலும் பஞ்சு உருண்டையுமாகப் படியேறினார். பின்னால் ஆன்ட்டி, “ஹே பக்வான், ஹே பக்வான்” என்று சொல்லிக்கொண்டே. கூடத்துக்கு வந்தால், அப்பா கத்தி செருகிய பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா டெட்டாலைப் பார்த்தார். அங்கிள் பரங்கிக்காயைப் பார்த்தார்.

“கஹான் லகா?” எங்கே காயம் என்று கேட்டார் அங்கிள்.

அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “முஜே நஹீன். கத்தூ கோ.” எனக்கில்லை, பரங்கிக்காய்க்கு.

அங்கிளுக்குச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் எவ்வளவு நேரம்தான் முகத்தை இறுக்கி வைத்திருப்பார்? அப்புறம் இரண்டு செக்‌ஷன் ஆபீசர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் காயைப் பிடிக்க, மற்றவர் கத்தியை இழுக்க, கத்தி வந்த வேகத்தில் அங்கிள் மல்லாந்து விழுந்தார். எழுந்து, காயைத் திருப்பிக் காம்புப் பக்கம் ஒரே வெட்டு. உள்ளே என்ன நிறம்! குங்குமப்பூவைக் கரைத்த மாதிரி.

மிச்சமெல்லாம் சுலபம். குக்கரில் இரண்டு விசில், மசித்து, வெல்லப்பாகு, வறுத்த ரவை, நெய், ஏலக்காய், இஞ்சி, ஒரு சிட்டிகை சோடா. அப்பாவுக்கு இனிப்புத் தின்றால் உடனே காரம் வேண்டும். கேக் தட்டு ஒன்றுதானே இருக்கிறது, மேலேயே போட்டுவிடலாம் என்று அம்மா நெய்யில் மிளகும் கறிவேப்பிலையும் முந்திரியும் பொரித்துத் தூவினாள். ஆன்ட்டி கீழே ஓடிப்போய் வறுத்த வேர்க்கடலையும் கறுப்பு உப்பும் கொண்டுவந்து அவள் பங்குக்குத் தூவினாள்.

அவன் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு அழுது வடிந்தது. வோல்டேஜ் இல்லை. மணி ஐந்தாகிவிட்டது, தண்ணீர் வரும் நேரம். கடலை எடுக்கப் போன ஆன்ட்டி வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கிள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு கீழே இறங்கிப் போனார். ஐந்து மாதமாகத் தினமும் எங்கள் தரையில் உறுமிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் சமையலறைக் குழாய் இரண்டு தடவை இருமியது, அப்புறம் கொட கொடவென்று தண்ணீர். அப்பா பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். தண்ணீரைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கிள் திரும்பி வந்ததும் டீ குடிக்கிறீர்களா என்று மட்டும் அப்பா கேட்டார். மறுநாளிலிருந்து சாயங்காலம் அரைமணி நேரம் அந்த மோட்டார் ஓடவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன். மேல்பக்கம் வெடித்தது. ஓரம் கருகியது. நடுப்பகுதி வேகாமல் அல்வா மாதிரி நின்றது. தின்றால் முதலில் மிளகும் உப்பும், அடியில் வெல்லமும் நெய்யும். இது மிட்டாயா, காரமான நம்கீனா என்று அங்கிளுக்குச் சந்தேகம்.

“டிஸ்ப்யூட்டட்,” என்றார் அப்பா. அங்கிள் அதைத் தீர்த்துவைக்க இன்னும் இரண்டு துண்டு தின்றார்.

போகும்போது ஆன்ட்டி என் கழுத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தொங்கிக்கொண்டிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றி அம்மா கையில் வைத்தாள். “கல் ஸே நீச்சே ஆனா, பேட்டா.” நாளையிலிருந்து கீழே வா என்றாள். எனக்கு அப்படியே குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் போனபோது என் ஸ்டீல் தட்டு அதே அடுக்கில், அதே இடத்தில், பளபளவென்று இருந்தது. ஐந்து மாதம் யாரும் சாப்பிடாத தட்டில் ஏன் தூசி இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜூலையில் ஒரு நாள் அம்மா தலைவலி என்று லீவு போட்டதும், அன்று நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது பால்கனியில் நின்றிருந்ததும் ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு கயிறு நேராக நிற்க வேண்டுமானால் கீழே ஒருத்தி கட்ட வேண்டும், மேலே ஒருத்தி கட்ட வேண்டும் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொடியின் சாமர்த்தியம்தான். வாய் நிறையச் சோற்றோடு ஆன்ட்டியிடம் சொன்னேன், உங்கள் கொடிக்கு எவ்வளவு மூளை பாருங்கள், யாரும் சொல்லாமலே தானாக ஏறி எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டது என்று. ஆன்ட்டி சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள், மறுபடியும் துடைத்தாள். என் ஹிந்தியில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தை இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டினேன்.