சந்தே சேர்ந்து எடுத்த ரிவர்ஸ்

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஜகார்த்தாவில் எங்கள் சந்துக்குத் திரும்பினேன். அங்கே ஒரு பழக்கம் மட்டும் மாறவே இல்லை. ஒரு கார் பின்னால் நகர்ந்தால் போதும், சந்தே வெளியே வந்து கையை ஆட்டும். "இடது, இடது, ஒடிச்சுத் திருப்பு, நில்லு!"

மருத்துவச்சி ருமியாத்தி அந்தக் குரல்களை நம்பியே ஓட்டப் பழகியவள். பிரசவ வலி கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக சுகாதார நிலையம் அவளுக்கு ஒரு சின்னக் கார் கொடுத்திருந்தது. அதை ஓட்டிய கணவர் கலிமந்தான் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவள் வீடு சந்தின் கடைசி. அங்கே வண்டி திருப்ப இடமில்லை. பெரிய ரோடு வரை நாற்பது மீட்டரும் ரிவர்ஸ்தான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மூடியில்லாத சாக்கடை.

போன மாதம் ஒருத்தி பின்சீட்டில் முனகிக்கொண்டிருக்க, கார் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டது. எப்படியோ தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். சுகாதார நிலைய மேற்பார்வையாளர் ஹெர்மந்தோ கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை வருவேன், ஐந்து நிமிடத்தில் காரை வெளியே எடுக்காவிட்டால் அது வேறு வட்டாரத்துக்குப் போகும்.

வாரம் முழுக்கப் பழகினோம். பக்கத்து சீட்டில் நான்.

"கண்ணாடியப் பாருங்க, இபு." மரியாதைக்குப் பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"கண்ணாடி பேசுமாடி? தார்கோ கையப் பாத்தாத்தான் எனக்கு ஓடும்."

தார்கோ பஜ்ஜி வண்டிக்காரர். வெள்ளிக்கிழமை அவர்தான் முதலில் கத்தினார். "இடது, இபு, இடது!"

"ஐயோ, வலது! அந்தாளு பேச்சக் கேக்காதீங்க!" எதிர்வீட்டுக்காரி அலறினாள்.

ருமியாத்தி இருவர் சொன்னதையும் கேட்டாள். பின்சக்கரம் சாக்கடையில் இறங்கியது.

எட்டுப் பேர் காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். ஹெர்மந்தோ கையை நீட்டினார். "சாவியக் குடுங்க, இபு. நானே எடுத்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டி தார்கோவைப் பார்த்தார். தார்கோ பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கைகூட உயரவில்லை.

"யாராவது சொல்லுங்கப்பா! இடதா, வலதா?"

சந்து வாயே திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஆறு மீட்டர் நகர்ந்தார். கதவுக் கண்ணாடி சுவரில் உரசியதும் வியர்த்துப்போய் இறங்கினார்.

ருமியாத்தி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ஜன்னல்களை ஏற்றினாள். இடப்பக்கக் கண்ணாடியைச் சாக்கடை விளிம்பு தெரியும்வரை கீழே சாய்த்தாள். காலை பிரேக்கிலேயே வைத்து அங்குலம் அங்குலமாக விட்டாள். விளிம்பு நெருங்கினால் நிறுத்தி, கொஞ்சம் முன்னால் போய், நேராக்கிக்கொண்டு மறுபடி. பழக்கதோஷத்தில் வெளியே வாய்கள் அசைந்தன. எதுவும் கேட்கவில்லை.

கார் பெரிய ரோட்டுக்கு வந்தது.

ஹெர்மந்தோ கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு நிமிஷம். நான் அஞ்சுதான் சொன்னேன்."

"உங்களால பத்து நிமிஷத்துல பாதிச் சந்துகூடத் தாண்ட முடியலையே, பாக்!"

அவர் தொண்டையைச் செருமினார். "சரி, வண்டி இருக்கட்டும். அடுத்த வெள்ளி வரேன்."

சந்து கைதட்டியது. அவள் முகம் மட்டும் கடுகடுவென்றே இருந்தது. "என்னத்துக்குக் கைதட்டு? பதினொரு நிமிஷத்துல பிள்ளையே பொறந்துடும்!"

காரை மறுபடி சந்துக்குள் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டாள்.

"தார்கோ, இப்போ கைய ஆட்டினா விரல ஒடிச்சிடுவேன்."