மாமா வாங்கிய கரண்ட் கித்தார்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, போர்க்கிணறு போடும் ரிக் லாரியில் வடக்கே போய்விட்டு ஊர் திரும்பியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போய்க்கொண்டிருந்த காலம். மழை நின்றதும் லாரி கிளம்பினால் நாக்பூரைத் தாண்டி எங்கெங்கோ பாறையைத் துளைத்துவிட்டு அடுத்த மழைக்குத்தான் திரும்பும். வருகிறவர்கள் கம்பளி, கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர் என்று எதையாவது கொண்டுவருவார்கள். மாமா ஓர் ஆசையை மட்டும் கொண்டுவந்தார். கரண்ட் கித்தார் வாங்க வேண்டும் என்றார்.

வடக்கே ஏதோ ஒரு திருவிழாப் பந்தலில் கச்சேரி நடந்திருக்கிறது. மாமா கூட்டத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு போய் ஸ்பீக்கரை ஒட்டி நின்றிருக்கிறார். அதைப் பற்றி என்னிடம்தான் முதலில் சொன்னார். சொல்லும்போது என் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டினார்.

“அது காதுல கேக்கறதில்ல மாப்ளே. இங்க கேக்கும்.”

எனக்கு நெஞ்சு வலித்தது. அதனால் நம்பினேன்.

ரிக்குக்குப் போய்வந்த மாமா வேறு ஆளாக இருந்தார். பக்கத்தில் இருப்பவரிடமும் நாலு காட்டுக்கு அப்பால் நிற்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கம்ப்ரசர் ஓடும்போது அங்கே எல்லோரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்களாம். அதைச் செய்துகாட்டச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ரிக்காரர்களின் கெத்து என்று எண்ணிக்கொண்டு நானும் அப்படி இருந்து பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மாமாவையும் அவள் விடவில்லை. நாலு ஊர் பார்த்ததும் திமிர் வந்துவிட்டது, அக்கா கூப்பிடுவதுகூடக் காதில் ஏறவில்லை என்றாள். மாமா சிரித்துக்கொண்டார்.

கித்தார் வாங்குவதை அப்பா தடுக்கவில்லை. அப்பாவும் பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய ரிக்கை விலை பேசியிருந்தார்கள். அடுத்த பருவத்தில் அதற்கு மாமாதான் டிரில்லர், ஒரு பங்கும் உண்டு என்று முடிவாகியிருந்தது. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிற இடம் அது. மழைக்காலம் முடிந்தால் கிளம்பப்போகிறவன், அதுவரை தட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று அப்பா இருந்துவிட்டார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வேண்டிய வயதில் கையில் கித்தாரை வைத்துக்கொண்டு நின்றால் எவன் பெண் கொடுப்பான் என்று கேட்டாள். அவர்களுடைய பெற்றோர் முன்பே போய்விட்டதால் மாமாவை வளர்த்தவள் அவள்தான். கடைசியில், தானும் கடைக்கு வருவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். ஒரு சொம்பு வாங்குவதென்றால்கூடத் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குகிறவள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு மூவரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம்.

கடையில் ஆர்மோனியமும் தபேலாவும் நிறைய இருந்தன. கரண்ட் கித்தார் இரண்டே இரண்டுதான் சுவரில் தொங்கின. ஒன்று பளபளவென்று சிவப்பு, அடியில் ஒரு கம்பி லீவர் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது பழுப்பு, லீவர் கிடையாது. எனக்குச் சந்தேகமே இல்லை, சிவப்புதான். கடைக்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு லீவர் வேண்டாம், அதை ஆட்ட ஆட்ட சுருதி இறங்கிப்போகும், நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கம்பி கட்டைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ விரலுக்கு அவ்வளவு நல்லது என்றும் சொன்னார். அவர் பேசும்போது மாமா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தை இவ்வளவு கவனமாகக் கேட்கிறவர் ஏன் பள்ளிக்கூடத்தில் தேறவில்லை என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மாமா பழுப்புக் கித்தாரை வாங்கி, அதன் கழுத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். ரிக்கில் ராடு வளைந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். கடைக்காரர் முகம் மாறியது. விஷயம் தெரிந்த ஆளிடம் பாலபாடம் நடத்திவிட்டோமோ என்று நினைத்தார்போல. எந்தக் குழுவில் வாசிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

“போர் வண்டியிலீங்க” என்றார் மாமா.

அப்படி ஒரு குழு இருப்பதாகவே கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஆனால் வாசித்துப் பாருங்கள் என்று நீட்டியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மாமா கம்பியை விரலால் அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான். புதிதில் விரல்நுனி கொப்பளித்துவிடும் என்று சொல்லவந்த கடைக்காரர், ராடு திருகித் திருகிக் காய்ப்பேறிய அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்றார். பழுப்பே முடிவானது.

அடுத்தது ஆம்ப்ளிபயர். அங்கேதான் அம்மா முன்னால் வந்தாள்.

“பக்கத்து ஊட்டுக்குக் கேக்காத பெட்டியா ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சத்தம் வரணும்னுதாம்மா பெட்டியே வாங்கறாங்க.”

“வருட்டுமுங்க. ஊட்டுக்குள்ளயே வந்துட்டுப் போவுட்டும்.”

அப்படியானால் இதுதான் என்று சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். சாப்பாட்டுத் தூக்குப் பெட்டி அளவில் இருந்தது. வீட்டில் பழகுகிறவர்களுக்கு இதுவே தாராளம், பெரியது மேடையில் வைப்பதற்கு என்றார். அம்மாவுக்கு மிகவும் திருப்தி. கடைக்காரர் ஒயரைச் சொருகி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஏதோ வாசித்தார். எனக்குப் பிடித்திருந்தது.

மாமா குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

“கரண்ட் இல்லையாட்ட இருக்குதுங்களே.”

கடைக்காரர் வாசிப்பதை நிறுத்தி, எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். குமிழைக் கொஞ்சம் திருகி மறுபடியும் வாசித்தார். மாமா முழங்காலிட்டு உள்ளங்கையைப் பெட்டியின் முகத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நான் சிரித்துவிட்டேன். கெத்துக்காக மாமா கடைக்காரரை வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன்.

பின்னால் நின்றிருந்த அம்மா, “தம்பி” என்றாள். மாமா திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். கடைக்காரர் நிமிர்ந்தார், மாமா திரும்பவில்லை. அம்மா அவர் முதுகுக்கு அருகில் போய் நின்று, தாழ்ந்த குரலில், “சாமி, அக்காளப் பாரு” என்றாள். என்னைச் சாமி என்றுதான் அவள் கூப்பிடுவாள், அதனால் நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“உன்னையில்ல” என்றாள்.

பிறகு கடைக்காரரிடம், “அந்தப் பெருசையே எடுங்க” என்றாள்.

பெரியது என் இடுப்புக்கு இருந்தது. அதைப் போட்டதும் அடுக்கி வைத்திருந்த தபேலாத் தோலெல்லாம் தானாக அதிர்ந்தது. மாமா உள்ளங்கையை வைத்தார். அவர் முகத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. வாசிக்கத் தெரியாத மனிதர் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று கடைக்காரரே சிரித்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விலையைக்கூடப் பேசவில்லை. சின்னதை வாங்கவென்றே பஸ் ஏறி வந்தவள் எதற்காகப் பெரியதை எடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியதில் சாமான் நிறைய இருக்கும், காசுக்கு அதுதான் தகும் என்று பார்த்திருப்பாள் என எண்ணிக்கொண்டேன்.

பெட்டி தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனது. மாமா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, தாடையைக் கித்தார்மேல் பதித்தபடி வாசிப்பார். எருமை பாலை அடக்கிக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பாம்பு புற்றைவிட்டு வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா அவரோடு சேர்ந்துகொண்டு கித்தாரைத் திட்டினாளே தவிர, குமிழைக் குறைக்கச் சொல்லி ஒரு நாளும் மோட்டார் ரூமுக்குப் போகவில்லை. மாமாவிடம் பேசுவதென்றால் மட்டும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் எதிரே வந்து நின்று பேசத் தொடங்கியிருந்தாள்.

மழை ஓய்ந்தது. ரிக்குக்கு முன்பணம் கொடுக்க அப்பா நாள் பார்த்தார். அப்போது அம்மா சொன்னாள், “எதுக்கும் ஆத்தாகிட்ட ஒரு பூக் கேட்டுப்போட்டுக் குடுக்கலாமுங்க.”

எங்கள் பக்கம் எந்தப் பெரிய காரியத்துக்கும் பூக் கேட்பது உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் வெளியே தெரியாமல் இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நல்ல காரியத்துக்கு ஆத்தா குறுக்கே நிற்க மாட்டாள் என்று உறுதியாக இருந்தார்.

அம்மாவே வாழையிலையில் பூவைக் கட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி அவற்றை வைத்துக் கற்பூரம் காட்டினார். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், கைக்கு அருகில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரைப் பிரித்தார். சிவப்பு அரளி.

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்றார் அப்பா. மாமா எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னதுக்கப்பறமும் கேட்டா ஆத்தாள நம்பாத மாதிரி ஆயிருமுங்க” என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பங்காளிகள் வேறொரு டிரில்லரை வைத்துக்கொண்டார்கள். மாமா ஊரிலேயே மோட்டார் காயில் கட்டும் பட்டறை போட்டார். அஞ்சாவதோடு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். கித்தாரைத் தொட்டதால்தான் அவர் ரிக் முதலாளி ஆகாமல் போனார் என்று ஊரில் பேசினார்கள். அம்மாவும் ஆமாமுங்க என்று அவர்களோடு சேர்ந்துகொண்டாள். மாமாவுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வாசிக்க வரவே இல்லை. கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர் காதில் மெஷின் வைத்துக்கொண்டபோது, வயதாகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

பூக் கேட்ட அன்று எல்லோரும் வெளியே போன பின் நான் தேங்காய்ச் சில்லுக்காக உள்ளேயே நின்றிருந்தேன். மற்றப் பொட்டலம் அம்மன் காலடியில் அப்படியே கிடந்தது. சும்மா இருக்க மாட்டாமல் அதைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது. நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். என் கையிலிருந்து பூவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

“கையக் கழுவிட்டு வா சாமி, தேங்கா தாரேன்.”

ஆத்தாளுக்குக் கோபம் அதிகமானால் இரண்டு பூவையும் சிவப்பாக்கிவிடுவாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஆனாலும் இரண்டில் சரியான பொட்டலத்தை எடுத்தவன் நான்தான் என்று வெகுநாள் வரை எனக்குள் ஒரு பெருமை இருந்தது.