ஒரே போனிலிருந்து வந்த புகார்கள்

ரஹ்மத் அக்கா இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மஞ்சள் காமாலை. அதற்கு அடுத்த செய்தியிலேயே, வாராந்திர அறிக்கை எங்கே என்று மேலாளர் கேட்டிருந்தார்.

நவி மும்பையின் வாஷி அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த அறிக்கையைத் தெரியும். தாராவியிலிருந்து வரும் குடிநீர்ப் புகார்களைச் சந்துவாரியாகக் கூட்டி, பத்துப் புகாரைத் தாண்டிய சந்துகளின் பட்டியலைப் பழுதுபார்க்க மாநகராட்சிக்கு அனுப்புவோம். ஆனால் கூட்டுவதற்கு முன்பே, ஒரே போன் எண்ணிலிருந்து மறுபடி வரும் புகார்களைக் கணினி நீக்கிவிடும்.

அக்கா குடியிருந்த சந்தில் எல்லா வீட்டுக்காகவும் தையல்கடை சுலைமான் பாய்தான் போன் செய்வார். பகலெல்லாம் கடையில் இருப்பவர், இந்தியும் நன்றாகப் பேசுவார். எந்த வீட்டுக் குழாயில் சாக்கடை நாறினாலும், அந்த வீட்டு எண்ணைச் சொல்லிப் பதிவு செய்வது அவர் போன்தான். அதனால் எங்கள் அறிக்கையில் அந்தச் சந்துக்கு எப்போதும் ஒரே புகார்.

அக்கா மேலாளரிடம் நேராகவே சண்டை போட்டார்.

"புகார மொதல்லயே தள்ளிட்டா சந்துக்கு என்ன சார் மிஞ்சும்? எல்லாத்தையும் கூட்டுங்க. பொறவு பத்தைத் தாண்டாத சந்தத் தள்ளுங்க."

"ஒரே ஆள் நூறு தடவ பண்ணா நூறு புகாரா?"

"ஒரே ஆளு இல்ல சார், ஒரே போனு. வீட்டு நம்பரப் பாருங்க."

"க்ளையன்ட் கேட்டது இதான். சோடோ நா, விட்டுடுங்க."

அக்கா இருக்கைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு வந்தவன வாசல்லயே வெரட்டிட்டு, பந்தியில ஆளில்லங்காரு."

அவரவர் போனிலிருந்து புகார் செய்யும்படி சந்திலும் சொல்லிப் பார்த்தார். "பாய் பேசுவாவ, நமக்கு எதுக்கு?" என்று சிரித்தார்களாம்.

அடக்கத்துக்கு மும்பையின் இன்னொரு பகுதியான பாண்டுப்பிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். துக்க வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஆளாளுக்குத் தங்கள் போனிலிருந்து புகார் செய்தார்கள். அந்த வாரம் சந்து பத்தைத் தாண்டியது. தோண்டினார்கள். சாக்கடையை ஒட்டிக் குழாய் உடைந்து கிடந்தது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் தோண்ட வந்த மாநகராட்சிப் பொறியாளர், இந்தியில்.

சுலைமான் பாய் தன் போனை எடுத்து, இதுவரை புகாருக்காகச் செய்த அழைப்புகளை அவர் முகத்துக்கு நேரே தள்ளிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சந்தின் பெயர் வந்துவிட்டதால் அறிக்கை சரியாக வேலை செய்கிறது என்கிறார் மேலாளர். ஒரே எண்ணை முதலிலேயே நீக்கும் அந்தக் கணினிக் கட்டளை இன்னும் அப்படியே இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விதான். ஒவ்வொரு வாரமும் அறிக்கை போகுமுன் அதைக் கேட்கிறேன்; மேலாளருக்கு எரிச்சல் வருகிறது.

"வீட்டு நம்பரப் பாத்தீங்களா சார்?"