தஹ்வீலா என்றொரு ஊர்

என் கணவர் ஓமானில் கால் வழுக்கி விழுந்த செய்தி வந்தபோது நான் உச்சிப்புளி ரயில்வே கேட்டில் காரை நிறுத்திவிட்டு ராமேசுவரம் ரயில் கடந்து போவதற்காகக் காத்திருந்தேன்.

"பதறாத. வலது கால்தான். எலும்புல லேசா விரிசலாம், மாவுக்கட்டு போட்டிருக்காக" என்றார் போனில். எதையும் லேசாகச் சொல்வது அவர் வழக்கம். மெதுவாகக் கேட்டபோதுதான் மற்றது வெளியே வந்தது. ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், போய்விடலாம். ஆனால் கார் ஓட்ட முடியாது. இதுவரை காரில் கூட்டிப்போன நண்பர் லீவில் ஊருக்குக் கிளம்புகிறார். இவர் வீடு இருக்கும் பக்கம் பஸ் கிடையாது.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான்.

"நான் வாரேன். நான் ஓட்டுறேன்" என்றேன்.

 

"இங்கன ஓட்டுறது வேற மாதிரிம்மா."

"ரோடு ரோடுதானே?"

ரயில் வந்துவிட்டது. அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் உண்டு. ஊரில் இருக்கிற எங்கள் கார் அவர் லீவில் வரும்போது ஓட்டுவதற்காக வாங்கியது. ஒரு மாதம் ஓடும், மீதி மாதமெல்லாம் உறை போட்டு நிற்கும். பாட்டரி செத்துப்போகிறதே என்றுதான் நான் ஓட்டப் பழகினேன். அதன் பிறகு மீன் வண்டி, ஐஸ் லாரி, ராமேசுவரம் போகிற யாத்திரை பஸ், நடுரோட்டில் படுத்து அசைபோடுகிற மாடு என்று எல்லாவற்றுக்கும் இடையில் ஓட்டிப் பல வருடமாகிவிட்டது. எங்கள் ஊர் புதுமடத்தில் கார் ஓட்டுகிற பெண் என்றால் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். ராமநாதபுரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வெளிநாட்டில் ஓட்டுகிற பெர்மிட்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

முதல் நாள் காலை. அவர் கட்டுப் போட்ட காலோடு தாங்குகட்டையை ஊன்றி மெல்ல நடந்து வந்தார். நான் முன்னாலேயே போய் வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் மாட்டிக்கொண்டேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. சாமான் வைக்கிற டப்பாதான் இருந்தது. அதைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

"என்ன தேடுற?"

"கண்ணாடி."

"மூக்குல மாட்டியிருக்கியே."

இறங்கிச் சுற்றிப் போய் இடதுபக்கம் உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால், அப்போதே சிரித்திருக்கலாம் அவர்.

அது கியர் மாற்றத் தேவையில்லாத கார். வேலை பாதிதான் என்று அவர் சொல்லியிருந்தார். என் இடது காலுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அது கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. அவர் முன்னால் போய்ப் பின்னால் வந்தார். கட்டுப் போட்ட கால் இடித்தது. "யா அல்லா" என்றார். நான் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடியது. மழையை மறந்துபோன ஊர் அது. வெயில் கண்ணாடியில் தகதகக்கும்போது எங்கள் வைப்பர் இடமும் வலமுமாக ஆடும். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த குழந்தைகள் எங்களைக் காட்டிச் சிரித்தன.

ரவுண்டானா வந்தபோதுதான் நிஜமான சோதனை. அங்கே வண்டிகள் வலதுபக்கமாகப் போகும். அதனால் ரவுண்டானாவில் இடதுபக்கம் இருந்து வரும். என் தலை பழக்கத்தில் வலதுபக்கமே திரும்பியது. அங்கே யாரும் வரவில்லை. சரி என்று பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.

"லெப்ட்டு! லெப்ட்டுல பாரு!"

நின்றுவிட்டேன். பிறகு பயத்தில் போகவே இல்லை. ஒரு வண்டி போனதும் அடுத்தது வந்தது. எங்கள் ஊரில் மூக்கை நுழைத்தால் வழி கிடைக்கும். இங்கே உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முதல் உரிமையாம், அவர் நிற்க மாட்டார்.

"இப்பப் போ."

"வாராகளே."

"அது தூரத்துல வருது. போ!"

போனேன். போனதும் இன்னொரு விஷயம் தெரிந்தது. உள்ளே நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். நான் உள்பக்க வரிசையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வழி வந்தது, பக்கத்தில் வண்டி இருந்தது, வழி போய்விட்டது. மறுபடி சுற்றினேன். மறுபடி வந்தது, போனது. நடுவில் ஒரு பெரிய கூஜா சிலை இருந்தது. அதன் நாலு பக்கத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டேன். என் கணவர் கண்ணை மூடி ஏதோ ஓதத் தொடங்கினார். கடைசியில் எந்த வழி காலியாக இருந்ததோ அந்த வழியில் வெளியேறினேன்.

அது நெடுஞ்சாலை. அதில் திரும்புவதற்கு இடமே இல்லை. வழியில் வந்த பலகையைப் படித்துவிட்டு அவர், "இது எமிரேட்ஸ் எல்லைக்குப் போற ரோடும்மா" என்றார். அப்போது அவருடைய ஆபீசில் இருந்து போன் வந்தது. "வந்துக்கிட்டே இருக்கேன் சார், பக்கத்துலதான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் பலகை தலைக்கு மேலே கடந்துபோனது. நான் வேகம் கூட்டியதும் கார் டிங் டிங் என்று எச்சரித்தது. முன்னால் போன வண்டியைத் தாண்டும்போது ஊர் வழக்கப்படி ஹார்ன் அடித்தேன். அந்த மனிதர் தன் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓரம் கட்டி, இறங்கி டயரையெல்லாம் குனிந்து பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"எதுக்கு ஹார்ன் அடிச்ச?"

"தாண்டுறேன்னு சொன்னேன்."

"இங்கன யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல" என்றார் அவர் எரிச்சலோடு.

"நீங்க மட்டும் வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டே வாரீகளே."

அப்படித் தொடங்கிய எங்கள் சண்டை, வெகுதூரம் தள்ளி ஒரு பாலத்தில் திரும்பி ஆபீஸ் போய்ச் சேரும்வரை ஓயவில்லை. இதைச் சொல்ல வேண்டும்: எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதுவரை நாங்கள் சண்டை போட்டதில்லை. புதுமடத்தில் எங்களைப் போலத் தம்பதி இல்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறவரோடு யாரால் சண்டை போட முடியும்? வந்த முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுவது. நடுவில் இருக்கிற நாட்களை முகம் சுளித்து வீணாக்க இரண்டு பேருக்குமே மனம் வராது. ஒருவருக்கொருவர் விருந்தாளியாகவே இருந்துவிட்டோம். அந்தக் காரில்தான் முதல்முறையாகப் புருஷன் பெண்டாட்டி மாதிரி தினமும் காலையும் மாலையும் சண்டை போட்டோம்.

இரண்டாவது வாரம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. காலையில் அவரை ஆபீசில் இறக்கிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குத் திரும்புவேன். ஒருநாள் திரும்பும் வழியில் ரோடு வேலை நடந்தது. வழக்கமான பாதையை அடைத்து, மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். அதில் அரபியில் மட்டும் ஒரு சொல்லும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய எனக்கு அரபி எழுத்து தெரியும். பொருள்தான் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தஹ்வீலா.

அது ஏதோ ஊர் போலிருக்கிறது என்று அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பலகை, மறுபடியும் தஹ்வீலா. இவ்வளவு பலகை வைத்திருக்கிறார்களே, பெரிய ஊராகத்தான் இருக்கும், அங்கே போனால் வழி கேட்டுக்கொள்ளலாம் என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கோ ஒரு பலகையைத் தவறவிட்டிருக்க வேண்டும். பேரீச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ரோடு குறுகியது, சந்தானது, கடைசியில் மணலில் போய் முடிந்தது. எதிரே கடல். ஓரம் கட்டிக் கணவருக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"தஹ்வீலாவுல."

"எங்க?"

"தஹ்வீலாங்க. கடற்கரை ஊரு. வழி பூரா போர்டு வச்சிருக்காகளே, உங்களுக்குத் தெரியாதா?"

 அவர் சிரித்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆபீசில் மற்றவர்களிடம் சொல்லியிருப்பார் போல, பின்னால் நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது.

"அது ஊரு இல்லம்மா. மாற்றுப்பாதைன்னு அர்த்தம்."

போனை அணைத்துவிட்டேன். அழுகை வந்தது.

அது மீன் இறங்குகிற கரை. படகுகள் வந்திருந்தன, மணலில் மீனைப் பரப்பி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த வயதான மீனவர் ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். தலையில் பூவேலை செய்த தொப்பி, முட்டி வரை மடித்துக் கட்டிய வெள்ளை அங்கி. ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. "இந்தியா" என்றேன். தலையை ஆட்டினார். மணலில் கிடந்த பெரிய மீனைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். "சீலா" என்றேன், வஞ்சிரத்துக்கு எங்கள் கரையில் அதுதான் பேர். அவர் "கன்அத்" என்றார். அவர் என் சொல்லைச் சொல்லிப் பார்த்தார், நான் அவர் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருமே தப்பாகச் சொன்னோம்.

கிளம்பும்போது சிக்கல். சந்தில் பாதி தூரம் போனதும் எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தோட்டத்துச் சுவர். லாரிக்குப் பின்னால் மீன் ஏற்ற வந்த வண்டிகள். நான்தான் பின்னால் போக வேண்டும். அந்தப் பெரியவர் ஓடி வந்து, இறங்கு, நான் எடுத்துத் தருகிறேன் என்று சைகை காட்டினார். வேண்டாம் என்று கையாட்டினேன். புதுமடத்தில் எங்கள் தெருவில் கார் திருப்ப இடம் கிடையாது. பள்ளிவாசல் முனையில் இருந்து வீட்டு வாசல் வரைக்கும் தினமும் பின்னாலேதான் வருவேன், அதுவும் கோழி, சைக்கிள், காயப்போட்ட கருவாடு எல்லாவற்றையும் இடிக்காமல். இங்கே கோழிகூட இல்லை. பின்கண்ணாடியைப் பார்த்து, வளைவில் ஒடித்து, ஒரே மூச்சில் கடற்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பெரியவர். யாரையும் மெச்சும்போது நாங்களும் சொல்வது; 'இந்தியா'வை விட்டால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகப் புரிந்த சொல் அது ஒன்றுதான்.

மாலை கணவரை ஏற்றிக்கொண்டபோது அவர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"இத்தனை வருசமா இங்கன இருக்கீக. ஒருநாளாச்சும் இந்த ஊரு எப்படியிருக்கும்னு எனக்குச் சொல்லியிருக்கீகளா? எனக்கு என்ன தெரியும்?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஆபீஸ், ரூம். ரூம், ஆபீஸ்."

"கடல் இருக்கு. மீன் ஏலம் விடுறாக. நம்ம கரை மாதிரியே இருக்கு."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அந்தக் கரைக்கு நான் போனதே இல்ல" என்றார். "தனியாப் போய் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவரை அங்கே கூட்டிப் போனேன். மணலில் தாங்குகட்டை புதைந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரில் கொண்டுபோன மடக்கு நாற்காலியைக் கடல் ஓரத்தில் போட்டு உட்காரவைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்காவது போனோம். மலைக்கு ஒருமுறை, பழைய கோட்டைக்கு ஒருமுறை. பாதி நேரம் தப்பான வழியில்தான் போனோம். "விடு, இதுவும் ரோடுதானே" என்று அவரே சொல்லத் தொடங்கினார்.

கட்டு பிரித்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே ஓட்டு. நான் வேடிக்கை பாத்துட்டு வாரேன்."

வழியில் அவரே பேச்சை எடுத்தார். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகப் போகிறாள். நீ சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வருடம் இருந்து பார்க்கலாமே என்றார். முன்பும் கேட்டிருக்கிறார். நாலு சுவருக்குள் உட்கார்ந்து அவர் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது என்று மறுத்துவந்தேன். இந்த முறை "யோசிக்கிறேன்" என்றேன். ரவுண்டானா வந்தது. இடதுபக்கம் பார்த்து, நுழைந்து, முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊருக்கு வந்து லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே தங்குவதென்றால் அந்த நாட்டு லைசென்சு எடுக்க வேண்டும். அதில் இரும்பு டிரம்களுக்கு நடுவில் காரைப் பின்னால் செலுத்தி நிறுத்துகிற சோதனை ஒன்று உண்டாம். "மொதத் தடவையில யாரும் பாஸானதில்ல" என்று தினமும் போனில் பயமுறுத்துகிறார்.

அதனால் இப்போது காலையில் வெயில் ஏறும் முன் புதுமடம் கரைக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பழகுகிறேன். டீசல் வைக்கிற காலி டிரம்களைப் படகுக்காரர்களிடம் இரவல் வாங்கி நிறுத்திவைத்திருக்கிறேன். மீன் வாங்கப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இன்றைக்கு அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"என்ன டீச்சர், டிரம்மை இடிக்கப் பழகுறீகளா?"

"இடிக்காமப் போகப் பழகுறேன்க்கா."

"அப்ப அது ஏன் உருண்டு ஓடுது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கிவைத்து, உருண்ட டிரம்மை நிமிர்த்தி நிறுத்தினாள். இன்னொருத்தி காரின் பின்னால் போய் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, இங்கன ஒடிங்க" என்று கைகாட்டினாள். நான் ஒடித்தேன்.