மட்டாஞ்சேரியில் மழை பெய்யாத தெரு

நகரத்தில் எங்கெங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று மாடிகளில் மழைமானி வைத்துக் கணக்கிடுவது என் வேலை.

ஒரு வாரமாகக் கொச்சி முழுக்கக் கொட்டுகிறது. எங்கள் வரைபடத்தில் மட்டாஞ்சேரியின் ஒரு தெரு மட்டும் காய்ந்து கிடந்தது. கடற்காற்றுதான் காரணம் என்று ஆபீசில் விளக்கம்கூட எழுதிவிட்டோம்.

இன்று நேரில் போனேன். தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியேறிப் பார்த்தால், மழைமானியின் தலையில் பிளாஸ்டிக் கவர். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

வீட்டுக்கார செல்வி அக்கா சாயாவோடு வந்தார்.

"நனஞ்சா மிஷின் கேடாயிடுமில்ல சாரே. மழைக்கு முன்னாடி ஸ்கூட்டர், மோட்டார் எல்லாம் மூடுனப்ப இதையும் மூடிட்டேன்."

கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சாயாவைக் குடித்தேன்.

எந்தத் தெருவில் முதலில் வடிகால் தூர்வாருவது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மாநகராட்சியில் முடிவு செய்கிறார்கள். இந்தத் தெரு பட்டியலில் கடைசியில் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "இத வச்சா தெருவுல வெள்ளம் கொறையும்னு சொன்னீங்களே சாரே, எப்பக் கொறையும்?"

எங்கள் கம்ப்யூட்டரில் அது எப்போதோ வடிந்துவிட்டது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரிந்தவர்கள், தமிழிலோ மலையாளத்திலோ, கீழே எழுதுங்கள்.